கடைவீதியில் தொடங்கிய விடுதலைப் போர்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் ஜார்ஜ் வாஷிங்டனும் பீரங்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், முதல் வேட்டு வெடிப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் போர் கடைவீதியில் தொடங்கிவிட்டது. வணிகர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டிய வரலாறு இது.

1763-ல் பிரான்சுடனான போரை முடித்த பிரிட்டன் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவுக்கு அங்குள்ள 13 குடியேற்றங்களின் மீதே வரி போட எண்ணி, 1765-ல் முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், ஏன், சீட்டுக்கட்டுக்குக் கூட முத்திரை வரி! "லண்டன் பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை; வரி மட்டும் எப்படி?" என்று மக்கள் கொதித்தனர்.

1765 அக்டோபர் 31-ல் நியூயார்க் வணிகர்கள் சுமார் 200 பேர் கூடி, சட்டம் ரத்தாகும்வரை பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று கையொப்பமிட்டனர். பிலடெல்பியா, பாஸ்டன் வணிகர்களும் பின்தொடர்ந்தனர். விளைவு என்ன? லண்டன் மொத்த வணிகர்களுக்கு ஆர்டரும் வரவில்லை, பழைய பாக்கியும் வசூலாகவில்லை. சட்டத்தை ரத்து செய்யும்படி அவர்களே பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டனர். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. வாங்குபவன் கையை மடக்கினால் விற்பவன் எப்படித் தவிப்பான் என்பது மண்டி நடத்தும் நமக்குத் தெரியாததா?

1767-ல் கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை மீது புது வரி வந்தது. மீண்டும் கொள்முதல் மறுப்பு. 1770-ல் தேயிலை தவிர மற்ற வரிகள் நீங்கின. அத்துடன் நியூயார்க் வணிகர்கள் விலகிக்கொள்ள, கூட்டு உடைந்தது. தேயிலை வரி அப்படியே நின்றது.

அடுத்து வந்தது நமக்கும் பழக்கமான பெயர்: கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னைக் கோட்டையில் கொடி நாட்டியிருந்த அதே கம்பெனிதான். லண்டன் கிடங்குகளில் அதன் தேயிலை தேங்கிக் கிடந்தது. 1773-ன் சட்டம், தான் பொறுக்கியெடுத்த ஏஜெண்டுகள் மூலம் அமெரிக்காவில் நேரடியாக விற்கக் கம்பெனிக்கு அனுமதி தந்தது. விலை குறைவுதான். ஆனால், ஊர் வணிகனுக்கு அதில் இடமில்லை. இன்று தேயிலை, நாளை மற்ற சரக்கு என்ற அச்சம் பரவியது. டச்சுத் தேயிலையைக் கள்ளத்தனமாக இறக்கி விற்றவர்களும் அவ்வணிகரில் உண்டு. அவர்களது தன்னலத்தை மறைக்க வேண்டியதில்லை. 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.

தண்டனையாக 1774 ஜூனில் அத்துறைமுகம் மூடப்பட்டது. ஊரே பட்டினியை எதிர்நோக்கியபோது, மற்றக் குடியேற்றங்கள் அரிசியும் ஆடுகளும் அனுப்பின. அவ்வாண்டு பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், பிரிட்டிஷ் இறக்குமதியை அடியோடு நிறுத்தும் ஒப்பந்தம் செய்தது. அதில் ஒரு விதியை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்: தட்டுப்பாட்டைக் காட்டி வணிகர் விலையேற்றக் கூடாது, பழைய விலைக்கே விற்க வேண்டும். மீறியவர் பெயர் செய்தித்தாளில் வெளியாகும். அவரோடு எவரும் வணிகம் செய்யமாட்டார்.

1775 ஏப்ரலில் போர் மூண்டது; 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். 1778-ல் பிரான்ஸ் துணைக்கு வந்தது. ஆனால், காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் மதிப்பிழந்து, 1781-ல் செல்லாக்காசானது. அப்போது நிதிப் பொறுப்பேற்ற பிலடெல்பியா வணிகர் ராபர்ட் மாரிஸ், தம் சொந்தக் கையொப்பமிட்ட சீட்டுகளால் செலவைச் சமாளித்தார். அரசாங்க நோட்டை நம்பாதவர்கள் ஒரு வியாபாரியின் நாணயத்தை நம்பினர்! அவ்வாண்டு அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. 1783-ல் பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் சுதந்திரத்தை ஏற்றது. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கே தோற்ற கார்ன்வாலிஸ், 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். நிஜாமும் மராட்டியரும் அவர் பக்கம் சேர, 1792-ல் திப்பு சுல்தானின் பாதி நாட்டைப் பறித்தார். திண்டுக்கல்லும் பாரமகாலும் அப்படித்தான் கம்பெனி கைக்குப் போயின. அங்கே 13 குடியேற்றங்கள் ஒன்றாக நின்றன. இங்கே அண்டை அரசர்களே எதிரியோடு கைகோத்தனர்.

வணிகப் பெருமக்களே! சங்கத்தில் கையொப்பமிடுவது எளிது. பக்கத்துக் கடையில் கூட்டம் சேரும்போதும் நம் சொல்லில் நிற்பதுதான் கடினம். 1770-ல் கூட்டு உடைந்ததும் வரி நிலைத்தது. 1774-ல் நட்டத்தையும் பகிர்ந்துகொண்டு நின்றதும் ஒரு பேரரசே அசைந்தது. இந்தக் கணக்கை நம் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்போம்.