கடைசி இடம் வந்தும் கீழே இறங்காத அணி: சென்னையின் எஃப்.சி.யின் 11 சீசன் பட்டியலைப் படிப்பது எப்படி?

திருவண்ணாமலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் ஃபுட்பால். ஃபுட்பால் ஆடும் பசங்க போட்டிருக்கும் ஜெர்ஸியில் மான்செஸ்டர் இருக்கும், செல்சி இருக்கும், ஆர்சனல் இருக்கும். சென்னை ஜெர்ஸியைத் தேடித்தான் பார்க்கணும். இத்தனைக்கும் சென்னை இங்கிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம்தான்.

அப்படி ஒரு காலையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். லெஸ்டர் சிட்டி ரசிகன். எந்த சீசனில் எத்தனாவது இடம், எப்போது மேலே வந்தார்கள், எப்போது கீழே போனார்கள் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். "சரி, நம்ம சென்னையின் எஃப்.சி. 2018–19-ல எத்தனாவது இடம்?" என்று கேட்டேன். தெரியவில்லை. "கடைசி இடம்" என்று சொன்னதும் அவன் திருப்பிக் கேட்டான்: "அப்புறம் ஏண்ணா ரெலிகேட் ஆகல?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம்.

11 சீசன், 11 வரி

சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கப்பட்டது. வீட்டா டானி, அபிஷேக் பச்சன், தோனி ஆகியோர் உரிமையாளர்கள். சொந்த மைதானம் சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் அணியின் கணக்கு இது:

- 2014: 14 ஆட்டம், 23 புள்ளி, 1-வது இடம். அரையிறுதியில் தோல்வி.
- 2015: 14 ஆட்டம், 22 புள்ளி, 3-வது இடம். சாம்பியன்.
- 2016: 14 ஆட்டம், 15 புள்ளி, 7-வது இடம்.
- 2017–18: 18 ஆட்டம், 32 புள்ளி, 2-வது இடம். சாம்பியன்.
- 2018–19: 18 ஆட்டம், 9 புள்ளி, 10-வது இடம் (கடைசி).
- 2019–20: 18 ஆட்டம், 29 புள்ளி, 4-வது இடம். இறுதிப்போட்டியில் தோல்வி.
- 2020–21: 20 ஆட்டம், 20 புள்ளி, 8-வது இடம்.
- 2021–22: 20 ஆட்டம், 20 புள்ளி, 8-வது இடம்.
- 2022–23: 20 ஆட்டம், 27 புள்ளி, 8-வது இடம்.
- 2023–24: 22 ஆட்டம், 27 புள்ளி, 6-வது இடம். பிளே-ஆஃப் முதல் சுற்றில் தோல்வி.
- 2024–25: 24 ஆட்டம், 27 புள்ளி, 11-வது இடம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ ரோலர் கோஸ்டர் மாதிரி இருக்கும். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு படித்தால் இந்த வரிகள் வேறு கதை சொல்லும்.

1. முதலிடம் வேறு, கோப்பை வேறு

2014-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது சென்னையின். பயிற்சியாளர் கம் வீரர், இத்தாலியின் மார்கோ மட்டராஸி. அதிக கோல் அடித்தவர் பிரேசிலின் எலானோ, 8 கோல். ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மொத்தக் கணக்கில் 4–3 என்று தோற்று வெளியேறியது. கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த ஆண்டு தலைகீழ். முதல் 10 ஆட்டங்களில் வெறும் 10 புள்ளி. 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று ரசிகர்களே முடிவுகட்டிய நேரத்தில், மிச்சமிருந்த 4 ஆட்டங்களிலும் வெற்றி. அந்த டிசம்பரில்தான் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3–0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில், எஃப்.சி. கோவாவுக்கு எதிரான இறுதிப்போட்டி. 90-வது நிமிடம் வரை பின்தங்கியிருந்த சென்னையின், கடைசி நிமிடங்களில் 2 கோல் கிடைத்து 3–2 என்று கோப்பையைத் தூக்கியது. வெற்றி கோலை அடித்த மெண்டோசாவுக்கு அந்த சீசனில் மொத்தம் 13 கோல்.

2017–18-லும் இதே மாதிரிதான். லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆனால் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தவர், வியாசர்பாடியில் இருந்து வந்த தனபால் கணேஷ்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பிளே-ஆஃப், ஃபைனல் எதுவும் கிடையாது. 38 ஆட்டம் முடிந்ததும் யார் மேலே இருக்கிறார்களோ அவர்தான் சாம்பியன். அந்தக் கணக்கில் பார்த்தால் சென்னையின் சாம்பியன் ஆன ஆண்டு 2014 மட்டும்தான். லீக் சுற்றில் முதலிடம் வருபவருக்குத் தனியாக ஷீல்டு கொடுக்கும் வழக்கம் ஐ.எஸ்.எல்.லில் வந்ததே 2019–20-ல்தான்.

2. ஒரே 27, மூன்று வேறு அர்த்தம்

கடைசி மூன்று வரிகளைத் திரும்பப் பாருங்கள். 2022–23-ல் 27 புள்ளி. 2023–24-ல் 27. 2024–25-லும் 27. ஆனால் இடம் மட்டும் 8, 6, 11.

காரணம், ஆட்டங்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே போனது. 20 ஆட்டத்தில் 27 என்றால் ஓர் ஆட்டத்துக்கு 1.35 புள்ளி. 22 ஆட்டத்தில் அது 1.23 ஆகிறது. 24 ஆட்டத்தில் 1.13 தான். அதாவது, பிளே-ஆஃபுக்குள் நுழைந்த 2023–24-ஐ விட, எட்டாவது இடத்தில் முடிந்த அதற்கு முந்தைய சீசனில்தான் அணி கொஞ்சம் நன்றாக ஆடியிருக்கிறது. மற்ற அணிகள் எப்படி ஆடின என்பதுதான் இடத்தை மாற்றியது.

அதேபோல 2020–21, 2021–22 இரண்டிலும் 20 ஆட்டம், 20 புள்ளி, 8-வது இடம். ஆனால் முதலாவதில் 11 டிரா, 6 தோல்வி. இரண்டாவதில் 5 டிரா, 10 தோல்வி. தோற்காமல் தாக்குப்பிடித்த ஒரு சீசனும், பாதி ஆட்டத்தைத் தோற்ற ஒரு சீசனும் பட்டியலில் ஒன்றுபோலவே தெரிகின்றன. அதனால் ஓர் அணியின் பட்டியலைப் பார்க்கும்போது இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை அணி, எத்தனை ஆட்டம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

3. நம் பட்டியலில் இல்லாத கட்டம்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

1884-ல் தொடங்கிய லெஸ்டர் சிட்டியின் சீசன் பட்டியலில் நம்மிடம் இல்லாத ஒரு கட்டம் உண்டு: எந்த டிவிஷன்? 2008–09-ல் அந்த அணி மூன்றாம் டிவிஷனில் ஆடியது. 2013–14-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்து பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2014–15-ல் தட்டுத்தடுமாறி 14-வது இடம். அடுத்த ஆண்டே 81 புள்ளியோடு இங்கிலாந்து சாம்பியன். 2022–23-ல் 18-வது இடம், கீழே இறக்கம். 2023–24-ல் மறுபடி ஏற்றம். 2024–25-ல் மறுபடி இறக்கம்.

20 அணிகளில் கடைசி மூன்று இடத்துக்கு வருபவர்கள் கீழே போக வேண்டும். அதுதான் ரெலிகேஷன். டிவி வருமானம் சரியும், நல்ல வீரர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் அங்கே 17-வது இடத்துக்கு நடக்கும் சண்டை, முதலிடத்துக்கான சண்டைக்குச் சமமாகப் பரபரப்பாக இருக்கும்.

நம் ஐ.எஸ்.எல். வேறு மாதிரி கட்டப்பட்டது. முதலாளிகள் பணம் கொடுத்து அணி உரிமையை வாங்கிய, ஐ.பி.எல். மாதிரியான அமைப்பு. பணம் போட்டவரை 'கடைசியில் வந்துட்டீங்க, கீழே போங்க' என்று சொன்னால் யார் முதலீடு செய்வார்கள்? அதனால் ரெலிகேஷன் வைக்கவில்லை. 2018–19-ல் 18 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்த சென்னையின், அடுத்த சீசனையும் முதல் 6 ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு தொடங்கியது. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6–5 என்று தாண்டி, ஃபைனல் வரை போனார்கள். கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் 2020 மார்ச் 14-ல் நடந்த அந்த ஃபைனலில் கொல்கத்தாவிடம் 3–1 என்று தோற்றார்கள்.

இதுவே இங்கிலாந்தாக இருந்திருந்தால், கடைசி இடம் வந்த அணி அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்திருக்கும். ரசிகர்களுக்கு அந்த ஃபைனலே கிடைத்திருக்காது.

அப்படின்னா ரெலிகேஷன் இல்லாதது நல்லதுதானே?

மேலே இருப்பவருக்கு நல்லது. கீழே இருப்பவருக்கு?

சென்னையின் கடைசி இடம் வந்த அதே 2018–19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 43 புள்ளியோடு ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று ஜெயித்த பிறகுதான் அது உறுதியானது. அந்த சீசனில் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது.

அதாவது, ஸ்டார் முதலாளிகள் இருந்த அணி கடைசியில் நின்ற வருஷத்தில், தமிழ்நாட்டின் வேறு இரண்டு அணிகள் தேசிய சாம்பியன்கள். இங்கிலாந்து மாதிரி ஏணி இருந்திருந்தால் சென்னை சிட்டி மேலே ஏறியிருக்கும். அப்போது அந்த ஏணி இல்லை. வீரர்கள் மட்டும் ஏறினார்கள்: சென்னைப் பையன் எட்வின் சிட்னி வன்ஸ்பால், சாம்பியன் ஆன கையோடு சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2021–22 ஐ-லீக் தொடங்கியபோது சென்னை சிட்டி என்ற பெயரே அணிகள் பட்டியலில் இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷத்துக்குள்.

இப்போது ஏணி இருக்கிறதா?

பாதி இருக்கிறது. 2019-ல் போடப்பட்ட திட்டப்படி, 2022–23 ஐ-லீக் சாம்பியனில் இருந்து மேலே ஏற வழி திறந்தது. பஞ்சாப் எஃப்.சி. ஏறியது. அடுத்து கொல்கத்தாவின் முகமதன் ஏறியது. இன்டர் காசி, யார் சாம்பியன் என்ற தகராறு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்த் தீர்ந்த பிறகு, 2025-ல் அந்தத் தகுதியைப் பெற்றது.

இறங்குவது? 2024–25 வரை யாரும் இறங்கவில்லை. அந்த சீசனில் 13 அணிகளில் கடைசியாக வந்த முகமதனும் இறங்கவில்லை.

இதற்கிடையே இன்னொரு விஷயமும் நடந்தது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீக்குக்கு, அடுத்த ஜனவரியில்தான் 'பிப்ரவரி 14-ல் தொடக்கம்' என்று தேதியே வந்தது. கீழே இறங்கும் பயம் இல்லாத அணிகளுக்கு, லீக்கே நடக்குமா என்ற பயம் வந்துவிட்டது.

திருவண்ணாமலைக்கு இதில் என்ன?

காகிதத்தில் பார்த்தால் வழி இருக்கிறது. மாவட்ட லீக், மாநில லீக், அதற்கு மேல் தேசிய அளவிலான கீழ் டிவிஷன்கள், கடைசியில் ஐ.எஸ்.எல். நம்ம ஊரில் ஓர் அணி தொடங்கி ஒவ்வொரு படியாக ஜெயித்தால், ஒருநாள் நேரு ஸ்டேடியத்தில் சென்னையினை எதிர்த்து ஆட முடியும். லெஸ்டரும் மூன்றாம் டிவிஷனில் இருந்து சாம்பியன் ஆக ஏழு சீசன்தான் எடுத்தது.

ஆனால் ஒவ்வொரு படியிலும் பயணச் செலவு, மைதானம், உரிமத்துக்கான நிபந்தனைகள் என்று இருக்கின்றன. தேசிய சாம்பியன் பட்டமே ஓர் அணியைக் காப்பாற்றவில்லை என்பதைக் கோவையில் பார்த்தோம். ஏணி இருந்தால் மட்டும் போதாது; ஏறியவர் நிற்கும் அளவுக்குப் படி அகலமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சுருக்கமாகச் சொன்னேன். பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே கேட்டான். பிறகு, "2015 ஃபைனல் யூடியூப்ல இருக்குமாண்ணா?" என்றான். இருக்கிறது என்றேன். தொண்ணூறாவது நிமிஷத்தில் இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.