ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற ஓசையா?

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்...' என்று ஓர் ஓசை கேட்கிறதா? அது பெரும்பாலும் மின்சாரத்தின் ஓசைதான். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. எனவே இந்த ஓசை 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, மைக்கை ஸ்பீக்கர் அருகே வைத்து 10 நொடி பதிவு செய்யுங்கள். பதிவைத் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைஸ் 16384 எனக் கொடுங்கள். 50, 100 ஆகிய இடங்களில் கூர்மையான முகடுகள் தெரியும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். முகடுகள் அப்படியே இருந்தால் குறை ஸ்பீக்கரில் இல்லை. மைக் இணைப்பைப் பாருங்கள்.

குறை ஸ்பீக்கர் பக்கம் என்றால், கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஆடியோ கேபிளை பவர் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

ஓசையை நிறுத்த எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் நீக்காதீர்கள். ஓசை நிற்கலாம், ஆனால் கேபினெட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. திண்டுக்கல் போன்ற வறண்ட பகுதிகளில் கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.