மலைப்பாதையில் துவிச்சக்கர வண்டியும் செய்மதி வழிகாட்டியும்

ஊவாவின் மலைகளைத் தேடி வருவோர் இன்று புகையிரதத்திலும் பஸ்ஸிலும் மட்டும் வருவதில்லை. எல்ல, ஹப்புத்தளை பகுதிகளில் அகன்ற சக்கரங்களைக் கொண்ட மலைத் துவிச்சக்கர வண்டிகளில் தேயிலை மலைகளினூடே பயணிப்போரைக் காணலாம். அவர்களது கைப்பிடியில் சிறு கருவியொன்று பொருத்தப்பட்டிருக்கும். அல்லது சட்டைப் பையிலுள்ள கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலி இயங்கிக்கொண்டிருக்கும். சென்ற பாதை, கடந்த தூரம், ஏறிய உயரம், எடுத்த நேரம் அனைத்தும் அதில் பதிவாகின்றன. பசறையிலிருந்து வளைந்து ஏறும் மடுல்சீமைப் பாதையும், அதற்கப்பால் பிட்டமாறுவை 'சிறிய உலக முடிவு' வரையான வழியும் இத்தகைய பயணிகளை ஈர்க்கக்கூடியவையே. இக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை, இவற்றால் மலையக மக்களுக்கு ஏதேனும் பயனுண்டா என்பன சிந்திக்கப்பட வேண்டிய விடயங்களாகும்.

ஜி.பி.எஸ் எனப்படும் செய்மதி இடங்காட்டி முறைமை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினால் 1973 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இராணுவத் தேவைக்கென உருவான இம்முறைமை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதற்குப் பின்னால் ஒரு துயரச் சம்பவமும் உண்டு. 1983 செப்டெம்பர் முதலாம் திகதி வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் உயிரிழந்தனர். அதனையடுத்தே, இம்முறைமை நிறைவுற்றதும் பொதுமக்கள் பாவனைக்கு வழங்கப்படும் என ஜனாதிபதி றீகனின் நிர்வாகம் அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டு வந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நிறுத்தப்பட்ட பின்னரே சாதாரண பாவனையாளரும் சில மீற்றர் துல்லியத்துடன் தமது இடத்தை அறியக்கூடிய நிலை ஏற்பட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் ஆகிய முறைமைகளும் செயற்படுகின்றன. புதிய தொலைபேசிகள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறைமைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன.

இதன் அடிப்படை எளிதானது. ஏறத்தாழ 20,200 கிலோ மீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள், தமது இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு செய்மதிக்கும் தனக்கும் இடையிலான தூரத்தைக் கருவி கணிக்கின்றது. மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கணிக்கலாம். ஆயினும் தொலைபேசியில் அணுக்கடிகாரம் இல்லாமையால், நேரப் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது செய்மதியும் தேவைப்படுகின்றது.

இங்கு பலரும் அறியாத ஒரு விடயம் உண்டு. தொலைபேசி செய்மதியிடம் எதனையும் கேட்பதில்லை. அது வெறுமனே செவிமடுக்கின்றது. எனவே தொலைபேசிக் கோபுரத்தின் சமிக்ஞையோ, இணைய வசதியோ இல்லாத மலையிடுக்கிலும் இருக்கும் இடத்தை அறிய முடியும். இணையம் தேவைப்படுவது வரைபடத்தைப் பெறுவதற்கே. ஆகவே மடுல்சீமை போன்ற பகுதிக்குச் செல்பவர், பதுளையிலோ பசறையிலோ இருக்கும்போதே வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது அவசியம். இணைய உதவியின்றி முதல் இடக்கணிப்புக்குச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், திறந்த வெளியில் சில நிமிடங்கள் நின்று கருவி தன்னைத் தயார்படுத்திய பின்னரே புறப்படுவது நன்று.

வானம் திறந்திருக்கும் இடத்தில் சாதாரண தொலைபேசி ஏறத்தாழ 5 மீற்றர் அளவுக்குச் சரியாக இடத்தைக் காட்டும். மலைச்சரிவோ அடர்ந்த மரங்களோ வானத்தை மறைக்கும்போதும், பாறையில் பட்டுத் தெறித்த சமிக்ஞை பிந்தி வந்து சேரும்போதும் பிழை அதிகரிக்கின்றது. பதிவு செய்யும் இடைவெளியும் முக்கியமானது. மணிக்கு 20 கிலோ மீற்றர் வேகத்தில் செல்பவர் 10 விநாடிகளில் ஏறத்தாழ 55 மீற்றர் சென்றுவிடுவார். 10 விநாடிக்கு ஒருமுறை மட்டும் புள்ளியிடும் செயலி, கொண்டையூசி வளைவுகளை நேர்கோடாக வெட்டிவிடும். தூரம் குறைவாகக் காட்டப்படும். மறுபுறம், தேநீர்க் கடையில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு இருந்தாலும் புள்ளிகள் சற்றே அலைவதால், செல்லாத தூரமும் சில வேளை கணக்கில் சேர்ந்துவிடும். விநாடிக்கு ஒரு புள்ளி என அமைத்து, நிற்கும்போது பதிவு தானாகவே நிற்குமாறு செய்வதே இதற்கு மருந்தாகும்.

உயரக் கணக்கில்தான் பெரும் குழப்பம் ஏற்படுகின்றது. செய்மதி முறைமை கடல் மட்டத்தை அறியாது. பூமியை ஒழுங்கான நீள்கோளமாக எண்ணி அதன் மேற்பரப்பிலிருந்தே உயரத்தை அளக்கின்றது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பு வேறுபாட்டினால் சீரற்றது. உலகிலேயே இவ்வேறுபாடு மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் உள்ளது. இதனால் எமது நாட்டில் இவ்விரு அளவுகளுக்குமிடையே ஏறத்தாழ 100 மீற்றர் வித்தியாசம் உண்டு. திருத்தம் செய்யாத கருவியொன்று, மாத்தறைக் கடற்கரையில் நிற்பவரைக்கூட கடலுக்கடியில் 100 மீற்றர் ஆழத்தில் நிற்பவராகக் காட்டும். பெரும்பாலான கருவிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்கின்றன என்றாலும், சில செயலிகள் திருத்தாத அளவையே காட்டுகின்றன.

ஏறிய மொத்த உயரத்தைக் கூட்டும்போது இன்னொரு தவறு நேர்கின்றது. நிமிடத்துக்கு ஒருமுறை 3 மீற்றர் பொய்யான ஏற்றம் பதிவானால், மூன்று மணி நேரப் பயணத்தில் 540 மீற்றர் உயரம் ஏறாமலேயே ஏறியதாகிவிடும். இதனாற்றான் விலை கூடிய கருவிகளிலும் சில தொலைபேசிகளிலும் வளியமுக்கத்தை அளக்கும் பாரமானி பொருத்தப்பட்டுள்ளது. இது சிறு ஏற்ற இறக்கங்களை நுட்பமாக உணரும். ஆயினும் அமுக்கம் ஒரு மில்லிபார் மாறினால் மலைப்பகுதியில் ஏறத்தாழ 9 மீற்றர் உயரம் மாறியதாக அது எண்ணும். வெப்ப வலய நாடுகளில் முற்பகல் 10 மணியளவில் அமுக்கம் உயர்ந்தும் பிற்பகல் 4 மணியளவில் தாழ்ந்தும் காணப்படுவது நாளாந்த இயல்பு. எனவே ஒரே இடத்தில் வைத்த கருவியும் காலையிலிருந்து மாலைக்குள் 20, 30 மீற்றர் 'ஏறிவிடும்'. மலையகப் புகையிரத நிலையப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்தான உயரம் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். புறப்படுமுன் அவ்வாறான நிச்சயமான உயரத்தைக் கருவிக்கு அறிவித்துவிடுவது பயன்தரும்.

பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் பலர் பயன்படுத்தும் தொழுகை நேரச் செயலிகளும் இதே செய்மதித் தரவைக் கொண்டே இயங்குகின்றன. பதுளையிலிருந்து கிப்லாத் திசை, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை சரிந்துள்ளது. செய்மதி இடத்தைச் சரியாகத் தந்தாலும், திசையைக் காட்டுவது தொலைபேசியிலுள்ள காந்தமானியே ஆகும். வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அருகிலோ வாகனத்தினுள்ளோ வைத்துப் பார்த்தால் அது பிழையாகக் காட்டக்கூடும். பயணத்தில் இருப்போர் இதனைக் கவனத்திற்கொள்வது நல்லது.

இனி எச்சரிக்கைகளுக்கு வருவோம். முதலாவது, போட்டி மனப்பான்மை. 2009 இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா போன்ற செயலிகள், பாதையின் ஒவ்வொரு துண்டிலும் யார் விரைவாகச் சென்றவர் எனப் பட்டியலிடுகின்றன. தோட்டப் பாதையோ பந்தயத் தடமன்று. கொழுந்து மூட்டையைச் சுமந்து மடுவத்துக்குச் செல்லும் பெண்களும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் நடக்கும் வழி அது. 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை இப்பிரதேசம் மறந்திருக்காது. இந்த வீதிகளில் ஒரு கணத் தவறுக்கும் இடமில்லை. பிட்டமாறுவைச் செங்குத்துப் பாறையின் விளிம்பில், பனிமூட்டத்தினிடையே 5 மீற்றர் பிழை என்பது உயிருக்கும் மரணத்துக்குமான இடைவெளியாகும். அங்கு திரையை நம்பாது கண்ணையும், ஊராரின் சொல்லையும் நம்ப வேண்டும்.

இரண்டாவது, அந்தரங்கம். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், பாவனையாளர்களின் தடங்களைக் கொண்டு இராணுவ முகாம்களின் அமைவிடங்களே வெளிப்பட்டதை 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். வீட்டு வாசலில் பதிவைத் தொடங்குபவர் தமது முகவரியை உலகுக்கு அறிவிக்கின்றார். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இச்செயலிகளில் உண்டு. இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள் அதனைப் பயன்படுத்த வேண்டும். அதேவேளை, தனியே மலைக்குச் செல்பவர் தமது நேரடி இருப்பிடத்தை வீட்டாருக்கு மட்டும் பகிர்ந்து செல்வது பாதுகாப்பானது.

முகவரி என்றதும் மலையகத்தின் பழைய குறையொன்று நினைவுக்கு வருகின்றது. லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனுமே முகவரி. கடிதமும் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்கின்றது. 2016 இல் இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவையை நள்ளிரவில் அழைப்பவர், எந்தக் கிளைப்பாதையில் எந்த லயன் எனச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பெறுமதியான நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. செய்மதி தரும் அகலாங்கும் நெட்டாங்கும் இக்குறையை ஓரளவு நீக்க வல்லவை. தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வரை சொன்னால், ஏறத்தாழ ஒரு மீற்றர் அளவுக்கு இடத்தைக் குறிப்பிட முடியும்.

அம்பியுலன்ஸ் வந்து சேர வரைபடத்தில் பாதையும் இருக்க வேண்டும். இங்கேதான் துவிச்சக்கர வண்டிக்காரரின் பதிவு பொதுப்பயன் பெறுகின்றது. 2004 இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மப் எனும் வரைபடத்தில் எவரும் தாம் சென்ற தடத்தைச் சேர்க்கலாம்; இடப்பெயரைத் தமிழிலும் எழுதலாம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 300 கிலோ மீற்றர் நீளத்துக்கு, 22 கட்டங்களாக அமைக்கப்பட்ட 'பெக்கோ' நடைபாதை, பழைய தேயிலைப் பாதைகளைச் செய்மதித் தடங்களாகப் பதிவு செய்து உலகறியச் செய்துள்ளது. அது ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கங்களைத் தொட்டுச் செல்கின்றது; மடுல்சீமைக்கு வரவில்லை.

றோபேரி, பட்டாவத்தை போன்ற தோட்டங்களின் பாதைகளையும், கோயில், பள்ளிவாசல், பாடசாலை, மருந்தகம், லயன் வரிசை ஆகியவற்றையும் இப்பிரதேச மாணவர்களே பதிவு செய்யலாம். ஆங்கிலப் பெயர்களோடு, தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் தமிழ்ப் பெயர்களும் அவ்வாறே நிலைபெறும். மூத்தோர் மறைய மறைய அப்பெயர்களும் மறைந்து வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பெரும் மண்சரிவுகளைச் சந்தித்தது. எந்தப் பாதை துண்டிக்கப்பட்டது, அதற்கப்பால் எத்தனை லயன்கள் உள்ளன என்பதை அறிவதற்கு நல்ல வரைபடம் எவ்வளவு அவசியம் என்பதனை அந்நாட்கள் உணர்த்தின.

தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்று, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில், சில தொலைபேசிகளையும் ஓரிரு துவிச்சக்கர வண்டிகளையும் கொண்டே இப்பணியை ஆரம்பிக்கலாம். பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் இதில் கைகோர்க்க முடியும். பிறர் வந்து வரையும் வரைபடத்தில் எமது ஊர் விடுபட்டுப் போகக்கூடும். எமது பிள்ளைகள் வரையும் வரைபடத்தில் அது விடுபடாது.