முதல் தலைமுறைச் சம்பளம்: சேமிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

பரோடா அரசுப் பணியில் நேர்ந்த சாதி இழிவுகளைப் பொறுக்க இயலாமல் 1917இல் பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், வாழ்வாதாரத்திற்காக மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்று பங்கு முதலீடு குறித்து ஆலோசனை வழங்கும் நிறுவனம். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்றவர் அவர். எனினும், ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், நிறுவனம் மூடப்பட்டது. 1923இல் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வு நூலை வெளியிடவிருந்த ஒருவரின் அறிவை, அவரது பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கித் தள்ளியது அன்றைய சந்தை.

நூறாண்டுகளுக்குப் பின் அதே சந்தை நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. முதல் மாதச் சம்பளம் வரவு வைக்கப்பட்ட சில நாள்களிலேயே வங்கியிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. உடன் படித்த நண்பர் ஒரு பாலிசிப் படிவத்துடன் அறைக்கு வருகிறார். தலைமுறைகளாகச் சொத்து வைத்திருக்கும் குடும்பங்களில் இத்தகைய தருணத்தில் கேட்பதற்கு ஒரு கணக்காளர் மாமாவோ, பங்குத் தரகரான பெரியப்பாவோ இருப்பார். அவர் சொல்லும் அறிவுரை இலவசம் மட்டுமன்று, தன்னலமற்றதும்கூட. முதல் தலைமுறையாகச் சம்பளம் பெறும் தலித் இளைஞருக்கோ, முதலீடு பற்றிப் பேச வரும் முதல் மனிதரே விற்பனையாளராக இருக்கிறார். ஆகவே 'இவர் திறமையானவரா?' என்று கேட்பதற்கு முன்பே, 'இவருக்கு ஊதியம் தருவது யார்?' என்று நாம் கேட்டாக வேண்டும்.

சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வகுத்துள்ளது. பரஸ்பர நிதி விநியோகஸ்தர், காப்பீட்டு முகவர், வங்கியின் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' ஆகியோருக்கான கமிஷனோ ஊக்கத்தொகையோ விற்கப்படும் திட்டத்தின் வழியாகவே வருகிறது. 2013ஆம் ஆண்டின் செபி ஒழுங்குமுறை விதிகளின்கீழ்ப் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்பவர் வேறு. அவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெறலாம். தாம் பரிந்துரைக்கும் திட்டத்திற்குக் கமிஷன் வாங்க இயலாது. ஆனால் இத்தகையோர் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ ஆயிரம் பேரே உள்ளனர். முகவர்களோ இலட்சக்கணக்கில் இருக்கின்றனர். ஆலோசகரை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். முகவர் தாமாகவே வந்துவிடுவார்.

கமிஷன் என்பது சிறு தொகைதானே என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 30 ஆண்டுகள் சேமித்தால் நாம் செலுத்துவது 18 இலட்சம். ஆண்டுக்கு 11 விழுக்காடு வளர்ச்சி என்று கொண்டால் அது ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சமாகிறது. கட்டணத்தில் ஒரு விழுக்காடு கூடுதலாகக் கழிந்து வளர்ச்சி 10 விழுக்காடானால், கிடைப்பது 1 கோடியே 13 இலட்சம். இடையில் காணாமற்போன 27 இலட்சம், நாம் உழைத்துச் செலுத்திய மொத்தத் தொகையைவிடவும் அதிகம். (11 விழுக்காடு என்பது எடுத்துக்காட்டுக்கு மட்டுமே, அதற்குச் சந்தை உறுதி அளிப்பதில்லை. ஆனால் கட்டணம் மட்டும் உறுதியாகக் கழியும்.)

இந்த இழப்பைத் தவிர்க்கும் வழி 2013 சனவரி முதலே திறந்திருக்கிறது. அன்று தொட்டு ஒவ்வொரு பரஸ்பர நிதியும் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டத்தையும் வழங்கியாக வேண்டும். நிதியும் ஒன்றே, அதன் மேலாளரும் ஒருவரே. 'ரெகுலர்' திட்டத்தில் மட்டும் விநியோகஸ்தரின் பங்கு ஆண்டுதோறும் கழிகிறது. பங்கு நிதிகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் அரை முதல் ஒரு விழுக்காடு வரை இருக்கும்.

'தொழில்முறை நிர்வாகம்' என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. தனி ஒருவரின் பணத்தைத் தனியாக நிர்வகிக்கும் பிஎம்எஸ் சேவைக்குக் குறைந்தபட்சத் தொகை 50 இலட்சம் ரூபாய். அது நமக்கானதன்று, அதைப் பெற முடியவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. 500 ரூபாய் செலுத்துபவருக்கும் பரஸ்பர நிதிக்குள்ளேயே தொழில்முறை மேலாளர் இருக்கிறார். நிஃப்டி போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகளின் டைரக்ட் திட்டங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 0.2 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் நிதி மேலாண்மைக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அதிலுள்ள பணத்தை ஓய்வுக்கு முன் எளிதில் எடுக்க முடியாது.

பொது முதலீட்டு நூல்கள் பேசாத ஒன்று இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. நம்மில் பலருடைய சம்பளம் ஒருவருக்குரியதன்று. தங்கையின் கல்லூரிக் கட்டணம், தந்தையின் மருத்துவம், ஊரில் பாதியில் நிற்கும் வீடு என யாவும் அதிலிருந்தே நடைபெறுகின்றன. நீண்டகாலம் என்று எண்ணித் தொடங்கும் சேமிப்பு மூன்றாம் ஆண்டிலேயே உடைபடுவது நம் வீடுகளில் புதிதன்று. சேமிப்பையும் காப்பீட்டையும் கலந்து விற்கப்படும் பாலிசிகள் மிகுந்த இழப்பைத் தருவதும் இப்படி இடையில் நிறுத்தும்போதுதான். முதலாண்டுப் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முகவருக்குச் செல்ல விதிகள் நெடுங்காலம் இடமளித்தன. 2024 அக்டோபரில் வந்த புதிய விதிகள் சரண்டர் இழப்பை ஓரளவு குறைத்தன, ஒழித்துவிடவில்லை. குடும்பம் நம்மைச் சார்ந்திருந்தால் டேர்ம் இன்சூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் போதும். காப்பீட்டைச் சேமிப்பாக்க வேண்டியதில்லை. ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கி வைப்பில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே நீண்டகாலப் பணம் என்று அழைக்க வேண்டும்.

அப்படியானால் ஆலோசகர் தேவையே இல்லையா? ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேமிப்பவர் 20,000 ரூபாய் கட்டணம் செலுத்துவது பொருளற்றது என்பதே என் கருத்து. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை கட்டணம் செலுத்தித் திட்டம் வரைந்து வாங்குவது போதுமானது. தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இத்தகைய ஓர் ஆலோசகரை அழைத்துக் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டு பொது வகுப்பு நடத்தலாம். கடன் நெருக்கடி, பூர்வீக நிலம் விற்ற பணம், பணி ஓய்வுத் தொகை போன்றவை வரும்போது தனி ஆலோசனைக்குச் செலவிடலாம்.

தேர்ந்தெடுக்கும்போது அவரது பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். யூடியூபில் எத்தனை இலட்சம் பேர் பின்தொடர்ந்தாலும், எண் இல்லாதவர் சட்டத்தின் முன் ஆலோசகர் அல்லர். எழுத்துவடிவ ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் கட்டணம் தரக்கூடாது. கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாய்கூட அவரது கணக்குக்குச் செல்லக்கூடாது. முதலீட்டுத் தொகை நம் வங்கிக் கணக்கிலிருந்து நேரே நிதி நிறுவனத்துக்கே செல்ல வேண்டும். உறுதியான இலாபம் என்று அவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். முறைகேடு நேர்ந்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

ஏற்கெனவே பரஸ்பர நிதியில் பணம் செலுத்தி வருபவர்கள் இன்றே தங்கள் கணக்கு அறிக்கையைத் திறந்து, நிதியின் பெயருக்குப் பக்கத்தில் டைரக்ட் என்று உள்ளதா, ரெகுலர் என்று உள்ளதா எனப் பார்க்கலாம். ரெகுலர் என்றிருந்து, விற்றவரிடமிருந்து இத்தனை ஆண்டுகளில் ஓர் ஆலோசனையும் வரவில்லை என்றால், அடுத்த மாதத் தவணையிலிருந்து டைரக்ட் திட்டத்துக்கு மாறலாம். பழைய முதலீட்டை மாற்றும்போது வரியும் வெளியேற்றக் கட்டணமும் வரக்கூடும் என்பதால் அதை மட்டும் கணக்கிட்டு மாற்ற வேண்டும்.