தெருவும் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தை பேசக் கற்பது எங்கே? வீட்டில். நடக்கக் கற்பது எங்கே? முற்றத்தில். நாலு பேரோடு பழகக் கற்பது எங்கே? தெருவில், கிணற்றடியில், சந்தையில்.

பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே குழந்தை பல பாடங்களைக் கற்றுவிடுகிறது. யாருக்கு வழிவிட வேண்டும்? யார் முன்னால் உட்காரக் கூடாது? ஊர்க் கூட்டத்தில் யார் பேசலாம், யார் பேசக் கூடாது? இவை எல்லாம் அந்தப் பாடங்கள். இவற்றை யாரும் பலகையில் எழுதிப் போடுவதில்லை. குழந்தை பெரியவர்களைப் பார்க்கிறது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பொது வாழ்க்கையில் அந்தக் குழந்தை பின்னால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இங்கேதான் அடித்தளம் விழுகிறது.

இதைப் புரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டாம். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்த ஒருவரின் கதையே போதும். அவர்தான் அய்யன்காளி.

வெங்ஙானூர்ச் சிறுவன்

பாலராமபுரத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையில் உள்ள ஊர் வெங்ஙானூர். அங்கே 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அய்யன்காளி பிறந்தார். தந்தை பெயர் அய்யன். தாய் பெயர் மாலை. அவர்கள் புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. புலையர்கள் வயலில் பாடுபட்டார்கள். நெல்லை விளைவித்தார்கள். ஆனால் பொதுச் சாலையில் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சந்தைக்குள் போக முடியாது. நல்ல துணி உடுத்த முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் முடியாது.

சிறுவனாக இருந்தபோது அய்யன்காளி மற்றப் பிள்ளைகளோடு பந்து விளையாடினார். ஒரு நாள் பந்து மேல்சாதி வீடு ஒன்றில் போய் விழுந்தது. வீட்டுக்காரர் கடுமையாகத் திட்டினார். இனி மேல்சாதிப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்றார். அய்யன்காளியின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தெரு இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னது. "இது உன் வழி இல்லை" என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னது. "அவனைத் தடுப்பது உன் உரிமை" என்று இன்னொரு பிள்ளைக்குச் சொன்னது. அடங்கிப் போவதும் பழக்கம். அடக்கி வைப்பதும் பழக்கம். இரண்டையும் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும்தான் கற்றார்கள்.

பாடத்தை மாற்றியவர்

அய்யன்காளி அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. 1893-ஆம் ஆண்டு அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டி உடுத்து, தலைப்பாகை கட்டினார். தமக்குத் தடைசெய்யப்பட்ட பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினார். தடுக்க வந்தவர்களுக்கு அவர் பயப்படவில்லை.

1898-ஆம் ஆண்டு அவரும் தோழர்களும் சந்தைக்குச் செல்லப் புறப்பட்டார்கள். பாலராமபுரத்தில் அவர்களை வழிமறித்தார்கள். பெரிய மோதல் நடந்தது. அதன் பிறகும் அவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை.

அடுத்து அவர் கேட்டது கல்வி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் அருமை தெரியும். வெங்ஙானூரில் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினார். எதிரிகள் அதற்குத் தீ வைத்தார்கள். மீண்டும் கட்டினார்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக வயல் வேலையையே நிறுத்தினார்கள். கூலி இல்லை. அடுப்பு எரியவில்லை. அப்போது விழிஞ்ஞம் மீனவர்கள் அவர்களைத் தங்கள் வள்ளங்களில் சேர்த்துக்கொண்டு வேலை கொடுத்தார்கள். பக்கத்து ஊர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

1907-ஆம் ஆண்டு அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவும் வந்தது. பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகும் வழியில் ஊரூட்டம்பலம் இருக்கிறது. அங்கே பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவளை உட்கார விடாமல் கலவரம் செய்தார்கள். பள்ளியையே எரித்தார்கள். இன்று அதே பள்ளி அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 2022-ஆம் ஆண்டு கேரள அரசு இந்தப் பெயரைச் சூட்டியது.

பள்ளிக்கே போகாத அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினர் ஆனார். 1912-ஆம் ஆண்டு அந்தச் சபையில் எழுந்து பேசினார். நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் கேட்டார். 1937-ஆம் ஆண்டு காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தார். தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துத் தேற வேண்டும் என்பதே தம் ஆசை என்று அய்யன்காளி அவரிடம் சொன்னார். 1941-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அவர் வண்டி ஓட்டிய சாலையில் இன்று எல்லாரும் நடக்கிறார்கள். இன்று பிறக்கும் பிள்ளைக்கு அந்தச் சாலை வேறு பாடம் சொல்கிறது. தெரு மனிதரை உருவாக்குகிறது என்பது உண்மை. மனிதர் தெருவை மாற்ற முடியும் என்பதும் உண்மை.

இன்று பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சட்டம் வீட்டுக்குள் வந்து பிள்ளை வளர்ப்பதில்லை. அது பெரியவர்களின் வேலை.

வீட்டு வேலைக்கு வந்தவருக்குத் தனி டம்ளரில் தேநீர் கொடுத்தால் பிள்ளை பார்க்கிறது. ரேஷன் கடை வரிசையில் அப்பா முண்டியடித்தால் பிள்ளை பார்க்கிறது. அம்மா பேச வாய் திறக்கும்போது "உனக்கு என்ன தெரியும்?" என்று அடக்கினால், அதையும் பார்க்கிறது. பாறசாலைப் பகுதி வீடுகளில் தமிழும் மலையாளமும் கேட்கின்றன. அடுத்த வீட்டாரின் மொழியைக் கேலி செய்தால், பிள்ளையும் அதையே செய்யும்.

நல்லதையும் பிள்ளை பார்க்கும். கேரளத்தில் ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். அந்த வார்டின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். 18 வயது நிறைந்த எவரும் வாக்காளர் ஆகலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊராட்சிகளிலும் கிராம சபை உண்டு. குடிதண்ணீர், தெருவிளக்கு, வீடு, ஓய்வூதியம் பற்றி அங்கே கேட்கலாம்.

புதிதாக எழுத்தறிந்த ஒரு தாய் அங்கே போகிறாள். கட்டைவிரலில் மை தடவாமல் வருகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதுகிறாள். எழுந்து நின்று, "எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் மகள் அதைப் பார்க்கிறாள். அந்தப் பாடத்தை அவள் மறக்க மாட்டாள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் சிறு வயதில் வீட்டிலும் தெருவிலும் கற்ற பழக்கங்களில் எவை நல்லவை? எவை மாற வேண்டியவை?

2. உங்கள் வார்டில் கிராம சபை எப்போது கூடுகிறது? கடைசியாக நடந்த கூட்டத்துக்குப் போனீர்களா?

3. அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்கப் போகிறீர்கள்? அதை ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்.