இலையின்றி மலரும் கால்ச்சிக்கம்

செப்டம்பர் மாதத்தில் மேற்கு இங்கிலாந்தின் ஈரமான புல்வெளிகளில் ஒரு புதுமையைக் காணலாம். புல்லுக்கு நடுவே வெறுந்தரையிலிருந்து இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மலர்கள் நேராக எழுந்து நிற்கும். அவற்றுக்கு இலை ஒன்றுகூட இராது. ஆங்கில நாட்டு மக்கள் இம்மலர்களை வேடிக்கையாக 'ஆடையற்ற மங்கையர்' என்பர். தாவரவியலார் இட்ட பெயர் கால்ச்சிக்கம். இன்றைய ஜார்ஜியா நாட்டில், கருங்கடலின் கிழக்குக் கரையில், பண்டைக் காலத்தில் கால்ச்சிஸ் என்றொரு நாடு இருந்தது. கிரேக்கக் கதைகளில் நஞ்சு காய்ச்சுவதில் வல்லவளாக வரும் மீடியா அந்நாட்டினள். ஆகவே பெயரிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது.

இச்செடியின் ஓராண்டு வாழ்க்கை இரு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. இலையுதிர் காலத்தில் மலர் வரும், இலை வராது. மார்ச்சு வாக்கில் இலை வரும். அப்போது மலர் இராது. சூன் மாதத்திற்குள் இலைகள் பழுத்துச் சாய்ந்துவிடும். பிறகு கோடை முழுவதும் மண்ணுக்கு மேல் ஒன்றுமே தெரியாது. ஆகவே கால்ச்சிக்கத்தை அறிய விரும்புவோர் அதனை ஆண்டுக்கு இருமுறை, இரு வேறு அடையாளங்களைக் கொண்டு இனம் காண வேண்டும். இரண்டில் எதில் தவறினாலும் ஆபத்துதான்.

இலையில்லாத செடியில் ஒளிச்சேர்க்கை நிகழாது. அவ்வாறாயின் மலருக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மண்ணுக்கடியில், சேனையைப் போலத் தண்டே பருத்து உண்டான ஒரு கிழங்கு இருக்கிறது. வசந்த காலத்து இலைகள் தயாரித்த உணவெல்லாம் அதில் சேமிக்கப்படுகிறது. சூரிய ஒளியில் மின்கலத்தை ஏற்றி வைத்து, மூன்று மாதம் கழித்து விளக்கு எரிப்பதைப் போன்றது இது. (இயற்பியல் ஆசிரியனுக்கு இந்த உவமைதான் முதலில் தோன்றுகிறது!) கிழங்கை மண்ணில் நடாமல், நீரும் ஊற்றாமல், வெறுமனே அலமாரியில் வைத்தாலும் பருவம் வந்ததும் அது பூத்துவிடும். ஐரோப்பியக் கடைகளில் மக்கள் இதை வேடிக்கைக்காக வாங்கிச் செல்வதுண்டு. ஆனால் பூத்து முடிந்ததும் அதனை மண்ணில் நட்டுவிட வேண்டும். இல்லையேல் ஏற்றப்படாத மின்கலம் ஆகிவிடும்.

மலரின் அடியில் காம்பு போலத் தோன்றுவது காம்பன்று. ஆறு இதழ்களும் கீழே ஒன்றுசேர்ந்து உண்டான குழல். அதன் அடியில் மண்ணுக்குள்ளேயே சூற்பை இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் அது அங்கே பத்திரமாக இருந்து, வசந்தத்தில் இலைகளோடு காயாக மேலே வருகிறது. மலருக்கு முன்பே காய் வருவதாகத் தோன்றியதால், பழைய மூலிகை நூலார் இதற்கு 'தந்தைக்கு முன் மகன்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினர்.

வளர்ப்பது எளிது. கோடையின் கடைசியில், மலர் தோன்றுமுன், கிழங்கைச் சுமார் 10 செ.மீ. ஆழத்தில் நடுவர். வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். குளிர்ந்த மாரிக்காலம் இல்லாத நம் சமவெளியில் இது நிலைக்காது. வளர்ப்போர் பலர் தடுமாறுவது இலை விஷயத்தில்தான். மலரின் எழிலைக் கண்டு நட்டவர்கள், ஆறு மாதம் கழித்துப் பெரிய முரட்டு இலைகள் எழுந்து பக்கத்துச் சிறு செடிகள் மேல் சாய்வதைக் கண்டு வெறுப்படைந்து அவற்றை வெட்டிவிடுகின்றனர். வெட்டினால் அவ்வாண்டுச் சேமிப்பு போயிற்று. இலை தானே மஞ்சளாகும்வரை பொறுத்திருப்பதே முறை. ஆகையால் புதர்களின் அடியிலோ புல்தரையிலோ இதனை நடுவது நல்லது.

இனி இனம் காணும் வகை. இலையுதிர் காலத்தில் இதனோடு குழப்பத்திற்குரியது குரோக்கஸ். நாம் பாலில் இடும் குங்குமப்பூ ஒரு குரோக்கஸ் செடியின் சூலக முடியே. கால்ச்சிக்கத்திற்கு ஆங்கிலத்தில் 'புல்வெளிக் குங்குமப்பூ' என்றே இன்னொரு பெயருண்டு. குழப்பத்தை வளர்க்க இதைவிடச் சிறந்த பெயர் கிடைக்காது! நிறத்தையும் அளவையும் நம்பக்கூடாது. அவை மண்ணாலும் வெயிலாலும் மாறும். எண்ணிக்கை மாறாது. மலருக்குள் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸில் மூன்று, கால்ச்சிக்கத்தில் ஆறு. மேலும் குரோக்கஸில் ஒரே சூலகத் தண்டு மேலே கிளைக்கும். கால்ச்சிக்கத்தில் அடியிலிருந்தே மூன்று தண்டுகள் தனித்தனியாக இருக்கும். குரோக்கஸின் இலை புல்லைப் போல மெல்லியது. நடுவில் வெள்ளைக் கோடு ஓடும்.

கால்ச்சிக்கத்திற்குள்ளேயே இனம் பிரிப்பது சற்றுக் கடினம். மலர் சிறிதாகவும் வெளிறியும் குழல் மெலிந்தும் மழையில் சாய்வதாகவும் இருப்பின், அது ஆட்டம்னேல் என்னும் ஐரோப்பிய இனமாக இருக்கலாம். காக்கசஸ், துருக்கிப் பகுதியைச் சேர்ந்த ஸ்பெசியோசம் பெரியது. கிண்ணம் போன்ற மலரும் உறுதியான குழலும் உடையது. அதன் வெள்ளை வகை தோட்டக்காரர்களின் செல்லப் பிள்ளை. இதழ்களில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் தெரிந்தால் பைவோனே என்னும் இனமாகவோ, அதைப் போன்ற ஒரு கலப்பாகவோ இருக்கும். தோட்டங்களில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை கலப்பினங்கள். இத்துறையில் பேர்பெற்ற ஈ. ஏ. பௌல்ஸ் 1924இல் குரோக்கஸுக்கும் கால்ச்சிக்கத்திற்கும் சேர்த்து ஒரே கையேடு எழுதினார் என்பதே, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய தேவையைக் காட்டும்.

இரண்டாவது சோதனை வசந்தத்தில். ஜெர்மனி, ஆஸ்திரியா, குரோவேஷியா முதலிய நாடுகளில் மக்கள் காட்டுப்பூண்டின் இலைகளைப் பறித்துச் சமைப்பர். அதே பருவத்தில் கால்ச்சிக்கத்தின் இலைகளும் தழைத்து நிற்கும். மாற்றிப் பறித்து உண்டவர்கள் இறந்திருக்கின்றனர். பூண்டு மணத்தைக் கொண்டு அறியலாமே எனலாம். முதல் இலைக்கு அது சரி. பத்து இலை பறித்த பின் விரல்களே மணக்கும். எந்த இலையும் பூண்டாகவே தோன்றும். வடிவமே நம்பத்தக்கது. காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலையும் தனக்கென மெல்லிய காம்புடன் தரையிலிருந்து வரும். கால்ச்சிக்க இலைகள் காம்பற்றவை. தடித்து, ஒன்றையொன்று தழுவிக் கொத்தாக எழும். கொத்தின் நடுவே பச்சைக் காய் தென்பட்டால் ஐயமே வேண்டா.

நஞ்சின் பெயர் கால்ச்சிசின். 1820இல் பெல்லட்டியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் இதனைப் பிரித்தெடுத்தனர். சமைத்தாலும் உலர்த்தினாலும் இது அழிவதில்லை. ஆதலால் வைக்கோலில் கலந்தால் கால்நடைக்கும் கேடு. உயிரணு பிரியும்போது, இரட்டித்த நிறப்புரிகளை இருபுறமும் இழுக்க நுண்குழல்கள் உருவாகின்றன. கால்ச்சிசின் அக்குழல்களைக் கட்ட விடாமல் தடுக்கிறது. பிரிவு பாதியில் நின்றுவிடுகிறது. உண்டவருக்குச் சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். அதன்பின் எலும்பு மச்சை முதலிய உறுப்புகள் பாதிக்கப்படும். எனினும் இதே பொருள் மிகச் சிறிய அளவில், மருத்துவர் கண்காணிப்பில், கௌட் என்னும் மூட்டுவாதத்திற்கு மருந்தாகிறது. 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி ஆகியோர் இதனைக் கொண்டு தாவரங்களில் நிறப்புரிகளின் எண்ணிக்கையை இரட்டிக்கலாமெனக் காட்டினர். விதையில்லாத் தர்ப்பூசணி உருவாக்குவதற்கும் இம்முறையே உதவியது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியை நாம் நன்கறிவோம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதிலும் ஆறு மகரந்தத் தாள்கள்; அதிலும் கால்ச்சிசின். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். இதன் கொடியில் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பி ஆவதால் யாரும் ஏமாறார். கொடி காய்ந்தபின் மண்ணில் எஞ்சும் கிழங்கையே சிலர் வள்ளிக்கிழங்கென எண்ணி உண்டு உயிரிழந்திருக்கின்றனர். விரல் பருமனில் இரு கிளையாக வளைந்து, கலப்பை போலத் தோன்றும் கிழங்கு அது. கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே.