பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த ஈட்டி!

குட்டீஸ், தரையிலிருந்து 189 செ.மீ., அளந்து, கதவில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தான்!) அண்ணாந்து பார்க்கிறீர்களா?

பிரேசில் நாட்டின் ரியோவில், 2016ல் நடந்த பாராலிம்பிக் போட்டியில், அந்த உயரத்தைத் தாண்டித் தங்கம் வென்றார், சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டி மாரியப்பன். ஐந்து வயதில், பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர் அவர். அதே போட்டியில், வருண் சிங் பாட்டி வெண்கலம் பெற்றார்.

மாற்றுத் திறனாளிகளுக்கான இவ்விளையாட்டு விழாவிற்கு, இந்தியா அனுப்பியது 19 பேரை மட்டுமே. கிடைத்த பதக்கங்கள் நான்கு. அமர்ந்தபடியே குண்டு எறிந்து, வெள்ளி வென்றார் தீபா மாலிக். பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே.

எனக்கு மிகவும் பிடித்தவர், ராஜஸ்தானைச் சேர்ந்த தேவேந்திர ஜஜாரியா தான். சிறுவனாக மரம் ஏறிய போது, மின்கம்பி பட்டு இடது கையை இழந்தார். ஏதென்ஸ் நகரில், 2004ல் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அப்புறம் என்ன ஆனது தெரியுமா? அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும், அவரது பிரிவுக்கு ஈட்டி எறிதல் போட்டியே இல்லை! வேறொருவர் என்றால், ஈட்டியைப் பரண் மேல் போட்டிருப்பார். அவரோ பயிற்சியைத் தொடர்ந்தார். ரியோவில், 35 வயதில், 63.97 மீட்டர் எறிந்து, தன் பழைய உலக சாதனையைத் தானே முறியடித்தார், மீண்டும் தங்கம்!

பாரிசில், 2024ல், இந்தியா வென்ற பதக்கங்கள் 29. அதில் ஒரு வெண்கலம், நம் மாரியப்பனுடையது.